மூணாம் வகுப்பில் வாசிக்கத் தெரியவில்லை: இந்த எண் பள்ளியைச் சொல்கிறதா, வீட்டைச் சொல்கிறதா?

ஏசர் அறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே ஒரு எண் மட்டும் சுற்றும். 2022-ல் தமிழ்நாட்டுக்கு அப்படிச் சுற்றிய எண், ஏறக்குறைய 5. கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் அவ்வளவு சதவீதம்தான். 2018-ல் இது சுமார் 10. 'கவர்மென்ட் ஸ்கூல்ல என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்க?' என்று உடனே கேள்வி கிளம்பியது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது.

2022-ல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-ல். அப்போது பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதாவது 'அ, ஆ' எழுதிப் பழக வேண்டிய வருடம் முழுக்க அந்தக் குழந்தை வீட்டில் இருந்தது. படித்த அம்மா, ஸ்மார்ட்போன், ட்யூஷன் இருந்த வீட்டில் சமாளித்துவிட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு அந்த வருடம் அப்படியே போனது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அதே ஏசர் கணக்குப்படி, கிராமப்புறத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் 6-14 வயதுக் குழந்தைகளின் பங்கு சுமார் 67 சதவீதத்திலிருந்து 76 சதவீதமாக உயர்ந்தது. 2018-ன் வகுப்பறையில் இருந்தவர்களும் 2022-ன் வகுப்பறையில் இருந்தவர்களும் ஒரே மாதிரியான கூட்டம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'பள்ளி கெட்டுப்போச்சு' என்று சொல்வது அவசரம்.

அதே குழந்தையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால்?

தனியார் பள்ளிக் குழந்தைகள் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரிப்பதுதான் கஷ்டம். கட்டணம் கட்ட முடிகிற குடும்பம் வீட்டிலும் பாடம் சொல்லித்தரும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில்கூட, விண்ணப்பம், சான்றிதழ் என்று அலையத் தெரிந்த ஏழைப் பெற்றோரின் குழந்தைதான் முதலில் வெளியே போகிறது.

இதைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று பக்கத்து மாநிலத்தில் உண்டு. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் சில அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கிடைக்க வழிசெய்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கமும் ஒரே மாதிரி வீட்டுக் குழந்தைகள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணிதத்திலும் வித்தியாசமே இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் நன்றாக முன்னே இருந்தார்கள். காரணம் எளிது: பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்திப் பாடமே கிடையாது.

இதை அரசுப் பள்ளிக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. தனியார் பள்ளிகள் இதே பலனை ஒரு குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு செலவில் கொடுத்தன. தெலுங்குக்கும் கணக்குக்கும் அவை ஒதுக்கிய நேரமும் குறைவு. 'பிரைவேட்ல போட்டா புள்ள தேறிடும்' என்று கடன் வாங்கிச் சேர்க்கும் பெற்றோருக்கு இந்த ஆய்வின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

பள்ளி திறந்த பிறகு நடந்தது என்ன?

பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதைக் கொரோனாவே காட்டியது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், 2021 டிசம்பரில் பரிசோதித்த குழந்தைகள் 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில்தான் அடி அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி திட்டத்தால் வந்தது என்கிறது ஆய்வு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில் தெருவிலேயே வகுப்பு எடுத்த தன்னார்வலர்களின் வேலை அது.

இழப்பு ஏழை வீடுகளில் அதிகமாக இருந்தது. மீட்சியும் அங்கேதான் வேகமாக இருந்தது. மாலை வகுப்புக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள். 'இந்தப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சு இந்த இடத்தில் உடைகிறது.

சராசரி மறைப்பது

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. இதில் குழந்தைகளை வகுப்பைப் பார்க்காமல், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். எழுத்தே தெரியாமல் வந்த ஒரு குழந்தை ஒரே வருடத்தில் அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு அது பெரிய வெற்றி. 'இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்பாரா' என்று கேட்கும் கணக்கெடுப்பில் அந்தக் குழந்தை இன்னும் 'இல்லை' பட்டியலில்தான்.

பள்ளி அளவில் சிக்கல் இன்னும் கூடும். ஐந்தாம் வகுப்பில் 12 பேர்தான் என்றால், ஒரு குழந்தை தேர்வு நாளில் காய்ச்சலில் படுத்தாலே சதவீதம் எட்டுப் புள்ளி ஆடும். கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை அந்த இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். திருப்பூர் மாதிரியான ஊர்களில் அதே அறையில் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் புலம்பெயர் தொழிலாளர் குழந்தையும் இருக்கலாம். அந்தக் குழந்தைக்குத் தமிழ், பள்ளிக்கு வந்த பிறகு கேட்கும் மொழி.

ஆகவே பக்கத்துத் தொடக்கப் பள்ளியை எடைபோட நினைக்கும் பெற்றோர் 'எத்தனை சதவீதம்' என்று கேட்பதைவிட, ஜூனில் அரும்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், ஏப்ரலில் எத்தனை பேர் என்று கேட்டால் பயன் அதிகம். அரசிடமும் இதையே கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. குழந்தையின் பெயர் வராமல், ஒவ்வொரு பள்ளியும் ஒரு வருடத்தில் தன் குழந்தைகளை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்று வெளியிடுவதற்கு அதுவே போதும்.