ட்ரவுட்டுக்கு ஒரு நியாயம், ஜிலேபிக்கு ஒரு நியாயமா?

ஊட்டிப் பக்கம் போய் ட்ரவுட் பிடிக்கிறதை "நீலகிரியின் பாரம்பரியம்"னு உருகி உருகி எழுதுறாங்களே, அதைப் படிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

எங்க பொத்தேரி ஏரிக்கரையில தூண்டில் போடுறவர்கிட்ட ஜிலேபியைப் பத்திக் கேட்டுப் பாருங்க. "அது எங்கிருந்தோ வந்த சனியன் சார், மத்த மீனெல்லாம் அதாலதான் போச்சு"ம்பார். நியாயமான கோபம். 1952-ல இந்தியாவுக்குள்ள கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க மீன் அது.

சரி, ட்ரவுட் மட்டும் என்ன குறிஞ்சிப்பூவோட சேர்ந்து முளைச்சுதா? 1863-ல ஃபிரான்சிஸ் டே கப்பல்ல கொண்டுவரப் பாத்தாரு, மீனெல்லாம் வழியிலேயே செத்துப்போச்சு. அப்புறம் எச்.சி.வில்சன் விடாம முயற்சி பண்ணி, 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் அமைஞ்சுது. வானவில் ட்ரவுட்டுக்குச் சொந்த ஊரு வட அமெரிக்காவோட பசிபிக் கரை. துரைமாருக்கே அது இரவல் மீனுதான்! உலகத்தின் படுமோசமான 100 அந்நிய ஊடுருவி உயிரினங்கள்னு ஐ.யூ.சி.என். ஒரு பட்டியல் போட்டிருக்கு. அதுல ஜிலேபியும் இருக்கு, ட்ரவுட்டும் இருக்கு. ஏழை வீட்டுக் குழம்புல கிடந்தா சனியன், எஸ்டேட் பங்களா தட்டுல கிடந்தா பாரம்பரியமா?

"குளிர்ந்த ஓடையில அது பாட்டுக்கு இருக்கு, யாருக்கு என்ன நஷ்டம்"னு கேப்பீங்க. கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலை ஏரிகள்லயும் இப்படித்தான் விளையாட்டுக்காக ட்ரவுட்டை விட்டாங்க. தலைப்பிரட்டையெல்லாம் அதுக்கு இரையாகி, அங்க இருந்த தவளைகள் ஏரி ஏரியா காணாமப் போச்சு. மீனை அரிச்சு எடுத்த ஏரிகள்ல தவளை திரும்பி வந்துச்சு. வேற எங்கயும் இல்லாத தவளைகளை வச்சிருக்கிற மலை நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை. கவலைப்பட வேண்டாமா?

இன்னொரு கூத்து. வெள்ளைக்காரன் ஃப்ளை கட்ட ஆசை ஆசையாத் தேடினது நம்ம சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகைத்தான். இறகு அங்க போச்சு, மீனு இங்க வந்துச்சு. நல்ல வியாபாரம்!

உண்மையான பாரம்பரியம் வேணும்னா அதே நீலகிரி அடிவாரத்துல ஓடுற மாயாறுக்கு வாங்க. காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மஹசீர் அங்க இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. 1946-ல கபினியில 120 பவுண்டு மஹசீர் பிடிச்சிருக்காங்க. வெளிநாட்டுக்காரன் தூண்டிலோட பரிசல்ல தவம் கிடந்தது இந்த மீனுக்குத்தான். ஆனா இந்தக் கூன்முதுகன் எந்த இனம்னு அறிவியல் பேரோட உறுதியானதே 2018-ல. அதே வருஷம் "அழிவின் விளிம்பில்"னு முத்திரையும் குத்தியாச்சு. காரணங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? வேற ஆத்து நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் கொண்டாந்து காவிரியில கொட்டினது. அதே வியாதி!

அவலாஞ்சி ட்ரவுட்டுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தொட்டி கட்டியாச்சு. மாயாத்து மீனுக்காக நாம உருகி எழுதினது எத்தனை பக்கம்?

டிஸ்கி: "ஃப்ளை ராடு வாங்கக் காசில்லாத வயித்தெரிச்சல்"னு யாரும் வரவேணாம். ஒண்ணு வாங்கிக் குடுங்க, பொத்தேரி ஏரியில ஜிலேபிக்கு வீசிக் காட்டுறேன். அதுவும் பூச்சிக்கு வாயைத் திறக்கும்.