அணிசேராமை ஏமாளித்தனமா?

"சுதந்திரம் வந்ததும் பாகிஸ்தான் அமெரிக்காவோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. நேரு அணிசேராமை என்று ஊருக்கு உபதேசம் செய்து சீனாவிடம் அடி வாங்கினார்." தருமபுரி டீக்கடை பெஞ்சிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அலுக்காமல் சுற்றி வரும் வாதம் இது. இதற்குத் துணையாக ராஜாஜியையும் அழைப்பார்கள். அவர் பிறந்த தொரப்பள்ளி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், நேருவின் வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தவர். எனவே இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை.

முதலாவது, அமெரிக்கக் கூட்டு பாகிஸ்தானுக்குப் பாதுகாப்புத் தந்தது என்கிறார்கள். 1954-ல் அமெரிக்காவுடன் ராணுவ உதவி ஒப்பந்தம், அதே ஆண்டு சீட்டோ ராணுவக் கூட்டு, அடுத்த ஆண்டு பாக்தாத் ஒப்பந்தம் என்று பாகிஸ்தான் வரிசையாகக் கையெழுத்திட்டது. பேட்டன் டாங்கிகளும் போர் விமானங்களும் வந்தது உண்மை. ஆனால் கம்யூனிஸ்ட் தாக்குதல் வந்தால் மட்டுமே சீட்டோ தன்னைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்கா அப்போதே எழுதிவைத்துவிட்டது. 1965-ல் இந்தியாவோடு போர் மூண்டதும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுப்பதை வாஷிங்டன் நிறுத்தியது. அமெரிக்க ஆயுதத்தையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. 1971 போரில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்கக்கடலுக்கு வந்தும் டிசம்பர் 16-ல் டாக்கா சரணடைவதைத் தடுக்க முடியவில்லை. வாங்கிய உதவிக்கு விலையும் இருந்தது. 1960-ல் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 உளவு விமானம் கிளம்பியது பெஷாவரிலிருந்து. அதனால் மாஸ்கோவின் மிரட்டலைப் பாகிஸ்தான் சுமக்க நேர்ந்தது.

இரண்டாவது, அணிசேராமையால் நமக்கு யாரும் உதவவில்லை என்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. பிலாய் இரும்பாலைக்குச் சோவியத், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காபூருக்குப் பிரிட்டன் கைகொடுத்தன. பஞ்ச காலத்துக் கோதுமை அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் கனவு காணும் சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு எழுந்தது. ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இத்தனை வாசல் திறந்திருக்காது.

மூன்றாவது, 1962-ல் சீனாவிடம் கண்ட தோல்விக்கு அணிசேராமையே காரணம் என்பது. சீனாவுடனான 1954 பஞ்சசீலத்தின் மீது வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குளிர் உடையும் சாலையும் இல்லாத மலைமுகட்டில் காவல் நிலைகளை முன்னேற்றியது அரசின் முடிவு. சீனாவின் வலுவைக் குறைத்து எடைபோட்டது டெல்லியின் தவறு. போர் நடக்கும்போது நேரு கேட்டதும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுதம் அனுப்பின. அதே ஆண்டில்தான் மிக்-21 விமானங்களுக்குச் சோவியத்துடன் உடன்பாடு ஆனது. அணிசேராதவருக்கு ஆபத்தில் நண்பன் இல்லை என்பது இங்கேயே உடைகிறது.

நான்காவது, 1971 ஆகஸ்டில் சோவியத்துடன் ஒப்பந்தம் போட்டதே அணிசேராமையின் சாவு என்பார்கள். இந்தியா அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே இந்தியாவின் அணிசேராக் கொள்கையைச் சோவியத் மதிப்பதாக எழுதியிருக்கிறது. இந்திய மண்ணில் ராணுவத் தளம் எதையும் அந்த ஒப்பந்தம் சோவியத்துக்குத் தரவில்லை. பெஷாவர் கதை இங்கே நடக்கவில்லை. அமெரிக்கக் கூட்டாளியான பாகிஸ்தானும் 1963-ல் சீனாவுடன் எல்லை உடன்பாடு செய்து கொண்டது. ஒரே தோழனை நம்பி வாழ முடியாது என்று அதுவும் கண்டுகொண்டிருக்கிறது.

ஐந்தாவது, பகை நாட்டோடு பேச்சு வீண் என்பது. 1960 செப்டம்பர் 19-ல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தம், 1965, 1971, 1999 என்று மூன்று மோதல்களைத் தாண்டி நின்றது. 2025-ல்தான் இந்தியா அதை நிறுத்திவைத்தது. பிலிகுண்டுலுவில் காவிரியின் அளவு கேட்டுக் காத்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் காவிரி குறித்த 1924 உடன்பாடு காலாவதியான பின் 2018 வரை நீதிமன்றப் படியேறின.

இனி ராஜாஜி. அவர் மேற்கு நாடுகளோடு நெருக்கம் வேண்டும் என்றவர் என்பதோடு கதையை நிறுத்துகிறார்கள். அதே ராஜாஜி 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், காந்தி அமைதி நிறுவனக் குழுவோடு வாஷிங்டன் சென்று அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு கென்னடியிடம் வாதாடினார். 1964-ல் காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லா சென்னை வந்து அவரைச் சந்தித்தார். காஷ்மீர் விஷயத்தில் பாகிஸ்தானோடு சமரசம் காண வேண்டும் என்பதே ராஜாஜியின் நிலை.

அணிசேராமை குறையற்ற கொள்கை என்று நான் சொல்லவில்லை. பகைவனின் பலத்தை அளக்காத இடத்தில் அது தோற்றது. எவன் தளத்துக்கும் வாடகை மண் ஆகாமல் காத்த இடத்தில் அது வென்றது. இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ராஜாஜியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவருடைய முழு வாக்குமூலத்தையும் கேட்கட்டும்.