குதிரையை எண்ணுறதை நிறுத்துங்க சாமிகளா!

கொஞ்ச நாளாவே கடுப்பா இருக்கு. சீனாக்காரன் கார் பத்தி யார் எழுத ஆரம்பிச்சாலும் ஒரு அட்டவணை. இடது பக்கம் பி.ஒய்.டி-யோட லெப்பர்ட் 5, வலது பக்கம் கிரேட் வாலோட டேங்க் 500 ஹைப்ரிட், ஓரத்துல யாங்வாங் யு8. குதிரைத்திறன் 687, 408, 1197. பூஜ்யத்துலேர்ந்து நூறு 4.8 நொடி, 6.9 நொடி, 3.6 நொடி. முடிஞ்சது ஜோலி. யாங்வாங் வின்னர், லெப்பர்ட் ரன்னர், டேங்க் பாவம்னு தீர்ப்பு! இது ஒப்பீடா மக்களே? மாட்டுச் சந்தைக்குப் போய் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம, கொம்புல அடிச்ச பெயிண்ட்டைப் பார்த்து விலை பேசுற கதை.

நான் சொல்றது ஒண்ணுதான். ப்ளக்-இன் ஹைப்ரிட்ல குதிரைத்திறனோட பெரும்பகுதி பேட்டரிகிட்ட வாங்கின கைமாத்து. கைமாத்து தீர்ந்ததுக்கு அப்புறம் வண்டிகிட்ட சொந்தமா என்ன இருக்குன்னு சொல்லாத ஒப்பீடு வெத்துவேட்டு.

கணக்கு போட்டுடலாம். லெப்பர்ட் 5-ல முன்னாடி 200 கிலோவாட் மோட்டார், பின்னாடி 285. மொத்தம் 485. பேட்டரி 31.8 யூனிட், நம்ம கரண்ட் பில்லுல வருமே அதே யூனிட்தான். ரெண்டு மோட்டாரும் பேட்டரியை மட்டும் நம்பி முழு மூச்சுல ஓடினா நாலு நிமிஷத்துல கதை கந்தல். யு8 இன்னும் மோசம். 880 கிலோவாட், 49.05 யூனிட். மூணரை நிமிஷம்கூட இல்லை. யாரும் அப்படி ஓட்ட மாட்டாங்க, எனக்கும் தெரியும். ஆனா அந்த 687-ங்கற நம்பர் எந்த மாதிரி நம்பர்னு இப்பப் புரியுதா? சிக்னல்ல பக்கத்து வண்டியை ஒரு தடவை வாயைப் பிளக்க வைக்கிறதுக்கான நம்பர்.

பேட்டரி இறங்கினா மிச்சம் இருக்கறது ஒரு 1.5 லிட்டர் டர்போ இஞ்சின். 143 கிலோவாட், குதிரையில சொன்னா சுமார் 194. வண்டி எடை ஏறக்குறைய 2.9 டன். ஆள், சாமான், ஏசி எல்லாத்தோடயும் நீளமான மலை ஏத்தம் ஏறும்போது உங்களுக்குச் சோறு போடப் போறது அந்த 194 தான். பேட்டரியைச் சுத்தமா காலியாக விடாம மென்பொருள் கொஞ்சம் மிச்சம் வச்சுக்கும், நியாயமா அதையும் சொல்லணும். ஊருக்குள்ள ஓட்டுறவனுக்கு அதுவே தாராளம். ஆனா அட்டவணைக்காரங்க ஊருக்குள்ள ஓட்டவா சொல்றாங்க? படம் பூரா பாலைவனமும் பாறையும்தானே!

இவ்வளவு பெரிய வண்டிக்கு ஏன் இத்துணூண்டு இஞ்சின்னு ஒருத்தராவது கேட்டீங்களா? சீனாவுல நுகர்வு வரி இஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடறாங்க. ஒரு லிட்டருக்கு மேல 1.5 லிட்டர் வரைக்கும் 3 சதவீதம். 4 லிட்டரைத் தாண்டினா 40 சதவீதம். அது போக, ப்ளக்-இன் வண்டிக்கு 2025 முடியற வரைக்கும் கொள்முதல் வரியே கிடையாது, 2026-லேர்ந்து பாதி. இப்படி ஒரு வரி இருந்தா எவன் வி8 போடுவான்? சின்ன இஞ்சின், பெரிய மோட்டார். இந்தக் குதிரைகள் பாதி பொறியாளர் லாயத்துல பிறந்தது, பாதி வரி ஆபீஸ்ல பிறந்தது.

இப்ப அந்த 'பாவம்' டேங்க் 500-க்கு வருவோம். 2 லிட்டர் டர்போ, ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக், அதுக்கு நடுவுல 120 கிலோவாட் மோட்டார். மொத்தம் 300 கிலோவாட்தான். ஆனா இஞ்சின்லேர்ந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியா நாலு சக்கரத்துக்கும் இரும்புத் தண்டு போகுது. பேட்டரி இறங்கினாலும் இஞ்சின் நேரா நாலு சக்கரத்தையும் தள்ளும். லெப்பர்ட்ல முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவுல தண்டே கிடையாது. பின்னாடி மோட்டார் மட்டும்தான், அதுக்குக் கரண்ட் வரணும். யு8-ல இஞ்சின் எந்தச் சக்கரத்தையும் தொடறதே இல்லை, ஜெனரேட்டர் வேலை மட்டும்தான். இது மூணும் மூணு ஜாதி இயந்திரம்யா. ஒரே கட்டத்துல போட்டு மார்க் போடறது, நீச்சல்காரனையும் மல்யுத்தக்காரனையும் நூறு மீட்டர் ஓட விட்டுப் பரிசு குடுக்கற மாதிரி.

பேட்டரியில ஓடற தூரத்துலயும் இதே கூத்துதான். லெப்பர்ட் 125 கிலோமீட்டர், டேங்க் 110, அதனால லெப்பர்ட் மேலாம். அடப்பாவிகளா! அந்த 125 சி.எல்.டி.சி சோதனையில வந்தது. 110 டபிள்யூ.எல்.டி.சி-யில வந்தது. முன்னதுல சராசரி வேகம் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர், பின்னதுல 46.5. அது தெருவுல நடக்கற மாதிரி, இது மூச்சு வாங்க ஓடற மாதிரி. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கறவர் ஒண்ணு தெரியாம பண்றார், இல்ல தெரிஞ்சே பண்றார்.

நான் இவ்வளவு கத்துறதுக்குக் காரணம் இருக்கு. வளைகுடாவுல வேலை பார்க்கற நண்பர் ஒருத்தர் இப்படி ஒரு அட்டவணையை நம்பி முன்பணம் கட்டற வரைக்கும் போயிட்டார். அவர் இருக்கறது அடுக்குமாடி வீடு. கீழே பார்க்கிங்ல ஒரு ப்ளக் பாயிண்ட் கிடையாது. சார்ஜ் பண்ண முடியாதவருக்கு 31.8 யூனிட் பேட்டரி எதுக்கு? தினமும் சுமக்கற மூட்டை! ஐரோப்பிய ஆணையம் 2021-ல் பதிவான கார்களோட நிஜ எரிபொருள் கணக்கை எடுத்து 2024-ல் வெளியிட்டது. ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் ஆய்வகக் கணக்கைவிட சராசரியா 3.5 மடங்கு கரியமில வாயு விட்டிருக்கு. அது ஐரோப்பாவுல ஓடின வண்டிகளோட கணக்கு, வண்டி பிறந்த நாடு வேறதான். ஆனா சார்ஜ் பண்ணாம ஓட்டற பழக்கத்துக்கு நாடு ஏது?

விலைக்காவது அட்டவணையில ஒரு கட்டம் உண்டான்னு பார்த்தா, அதுவும் அறிமுக விலையோட நின்னுடும். லெப்பர்ட் 5 நவம்பர் 2023-ல் 2,89,800 யுவானுக்கு ஆரம்பிச்சது. எட்டே மாசத்துல, ஜூலை 2024-ல், 50,000 யுவான் குறைச்சுட்டாங்க. முதல் மாசமே வரிசையில நின்னு வாங்கினவன் மூஞ்சியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. யு8 அறிமுகமானது 10,98,000 யுவானுக்கு. அந்தக் காசுக்கு மூணு லெப்பர்ட் வாங்கி மிச்சத்துல ஊரைச் சுத்தலாம். இது ரெண்டுக்கும் போட்டியாம்!

அப்ப நீ எதை வாங்குவேன்னு கேட்கத்தானே போறீங்க? வீட்டுல சார்ஜர் இருந்து, தினம் அம்பது அறுபது கிலோமீட்டர் ஓடி, எப்பவாவது மண்ணுல இறங்கறவருக்கு லெப்பர்ட் அருமையான வண்டி. மனசாரச் சொல்றேன். மணல்லயும் மலையிலயும் நிஜமாவே குடும்பத்தோட போறவர் டேங்க் பக்கம் போகட்டும், ஊருக்குள்ள பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிச்சாலும் பரவாயில்லை.

"யு8 தண்ணியில மிதக்குமே, அதைச் சொல்லலியே"ன்னு பின்னூட்டம் போட ரெடியா இருக்கற அன்பர்களுக்கு: மிதக்கும். அவசரத்துக்கு, அரை மணி நேரம். படகு வேணும்னா படகு வாங்குங்கண்ணே :-)