காயம் என்று வருகிறவருக்குக் கல்லாவிலிருந்து தீர்ப்புச் சொல்லலாமா?



நம் உறுப்பினர்களில் பலர் மளிகைக் கடையோடு டீ, டிபன் ஸ்டாலும் சேர்த்து நடத்துகிறோம். மதிய நேரம், நல்ல கூட்டம். திடீரென்று ஒருவர் எழுந்து, "சாம்பாரில் கல் கிடந்தது, பல் உடைந்துவிட்டது. இரண்டாயிரம் கொடுத்தால் பேசாமல் போய்விடுகிறேன்" என்று குரல் கொடுக்கிறார். அப்போது நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, மற்ற வாடிக்கையாளர் காதில் விழுமே என்று பயந்து கல்லாவைத் திறக்கிறோம். அல்லது, "உன்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்" என்று விரட்டுகிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டையும் செய்து பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒருவருக்குப் பணம் கொடுத்தேன். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. ஒரே மாதத்தில் அதே கதையோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கிற கடை என்று பெயர் பரவிவிட்டது! அந்தக் கோபம் ஆறாத நேரத்தில், கழுவிவிட்ட ஈரத் தரையில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தார். அவரையும் அந்த ரகம் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் பேசக்கூடாத வார்த்தை பேசிவிட்டேன். மறுநாள்தான் மணிக்கட்டு எலும்பு முறிந்த செய்தி வந்தது. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் இருபது வருஷமாக மாதச் சாமான் வாங்கிய அந்தக் குடும்பம் அதன் பிறகு என் கடைப்படி ஏறவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2005-ல் அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்து வெண்டிஸ் உணவகத்தில், தான் சாப்பிட்ட கிண்ணத்தில் மனித விரல் கிடந்ததாக ஒரு பெண் புகார் செய்தார். வியாபாரம் படுத்தது, ஊழியர் பலர் வேலையும் கூலியும் இழந்தார்கள். நிறுவனம் பணம் கொடுத்து வாயை அடைக்கவில்லை. ஊழியர் யாருக்கும் விரல் காயம் இல்லை என்று காட்டியது. அந்த விரல் உணவோடு வெந்ததல்ல என்று ஆய்வு சொன்னது. கணவரோடு வேலை செய்த ஒருவர் விபத்தில் இழந்த விரல் அது என்று போலீசார் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கணவன் மனைவி இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதற்கு நேர்மாறானது 1992-ல் அதே நாட்டில் நடந்த மெக்டொனால்ட்ஸ் காபி விவகாரம். 79 வயது மூதாட்டியின் மடியில் காபி கொட்டியது. "காபி சூடாக இருந்ததற்கு வழக்கா?" என்று உலகமே சிரித்தது. ஆனால் அவருக்குத் தோல் ஒட்டு சிகிச்சை செய்யும் அளவுக்குக் கடுமையான தீக்காயம். அவர் கேட்டது சுமார் 20,000 டாலர். நிறுவனம் தருவதாகச் சொன்னது 800. அதற்கு முன்பே எழுநூறுக்கு மேற்பட்ட சூட்டுப் புகார்கள் நிறுவனத்திடம் இருந்தது வழக்கில் வெளிவந்தது. 1994-ல் ஜூரி இருபத்தெட்டு லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. நீதிபதி அதை 6,40,000 டாலராகக் குறைத்தார். கடைசியில் வெளியில் சமரசமானது.

ஆகவே முகத்தைப் பார்த்து மெய், பொய் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் காயத்தைப் பாருங்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, டாக்டரிடம் கூடவே ஆள் அனுப்புங்கள். டாக்டர் பீஸைக் கடையே நேரில் கட்டி ரசீது வாங்கட்டும். மெய்யானவருக்கு அது ஆறுதல். பொய்யர் பெரும்பாலும் டாக்டர் என்றதும் நழுவிவிடுவார்.

அடுத்தது எழுத்து. தேதி, நேரம், பில் நம்பர், மேஜை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றே குறியுங்கள். கல்லோ கண்ணாடித் துண்டோ, சாப்பாட்டோடு அவர் முன்னிலையில் டப்பாவில் மூடி வையுங்கள். கேமரா இருந்தால் அன்றே பதிவை எடுத்து வையுங்கள். சில நாளில் அது அழிந்துவிடும். "எங்கள் தப்புதான்" என்றோ "நீ பொய்யன்" என்றோ சொல்ல வேண்டாம். கடைக்காரர் பாலிசியில் பொதுப் பொறுப்புக் காப்பீடு சேர்த்திருந்தால், கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பேற்றால் பாலிசிப் பணத்துக்கே சிக்கல் வரலாம். பணம் கொடுத்துத் தீர்ப்பதானால் எதற்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஆணையத்தின் நோட்டீஸ் புகார் நகலோடு வந்தால் 30 நாளில் பதில் தரவேண்டும். அதிகபட்சம் 45 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 65-ம் பிரிவின்படி, நாம் விற்ற உணவால் கொடுங்காயம் ஏற்பட்டால் 3 லட்சம் வரையிலும், மற்ற காயத்துக்கு 1 லட்சம் வரையிலும், உயிர் போனால் குறைந்தது 5 லட்சமும் இழப்பீடு உண்டு. சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாவிட்டால் பழி நம் தலையில்தான் விழும். கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-ம் பிரிவில் குற்றம். மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இப்படிக் கொடுத்த தொகையை சப்ளையர் பையன் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவோம். பிடித்தால், அடுத்த முறை கல் கிடந்ததையும் தரை ஈரமாக இருந்ததையும் அவன் நம்மிடம் மறைப்பான். உண்மை நமக்கே தெரியாமல் போய்விட்டால் வழக்கில் எதைச் சொல்லி நிற்பது?

இன்றே ஒரு நோட்டு வாங்கிக் கல்லாவில் வையுங்கள். தரையைத் துடைக்க ஒரு உலர்ந்த துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.