காத்திருத்தலின் கணக்கு

ஒரு நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை மேம்பாலங்களை எண்ணிச் சொல்வோர் உண்டு. சென்னையைப் பொறுத்தவரை, அதன் மனிதர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தைக் கொண்டு அளப்பதே சரியாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அடையாற்றங்கரையில் குடியிருந்தவரை கால்மணி நேர நடையில் வந்துவிடுவார். 2015 பெருவெள்ளத்திற்குப் பின் அவருக்குப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். காங்கிரீட் கூரை, மின்சாரம், கழிவறை எல்லாம் கிடைத்தன. வேலை மட்டும் கோட்டூர்புரத்திலேயே இருந்துவிட்டது. இப்போது விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி வருகிறார். மாலையில் பள்ளி விட்டுவரும் பேத்தி பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 2000ஆம் ஆண்டு தொடங்கி இந்நகரம் தன் ஏழைகளைத் தெற்கு விளிம்புக்கு அனுப்பிக்கொண்டே வந்திருக்கிறது. வீடு கட்டும் துறை வீட்டைக் கட்டியது. பேருந்து வேறொரு துறையின் கவலை. இரண்டுக்கும் இடையில் விழுந்தது அந்த அம்மாளின் நாளில் மூன்று மணி நேரம்.

முன்பு இவ்வூர் இப்படி வளரவில்லை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது இங்கேதான்; 1895இல் தொடங்கி 1953இல் நின்றது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு படர்ந்த ஊர்கள். பழைய மாமல்லபுரம் சாலையிலோ முதலில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. மெட்ரோவின் தூண்கள் எழ இருபது ஆண்டுகள் ஆயின. வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகு வாசற்படிக்கு இடம் தேடுவது போன்ற காரியம் இது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோதும் இதையே பார்த்தோம். கூப்பிடு தூரத்தில் ரயில் பாதை. நிற்பதற்கு நிலையம் கிடையாது. தென்மாவட்டப் பேருந்தில் இரவெல்லாம் வந்து மூட்டையும் குழந்தையுமாய் இறங்கியவர்கள், ஓடும் மின்சார ரயிலைப் பார்த்தபடி மாநகரப் பேருந்துக்கு நின்றார்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதனால் அரசுக்கு நட்டம் என்று படித்தவர்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரு மேம்பாலம் வருடத்திற்கு எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது என்று அவர்கள் கேட்டதாய் நினைவில்லை. அந்த அம்மாளுக்கு மாதக் கடைசியில் மிஞ்சும் பணம் பேத்தியின் நோட்டுப் புத்தகமாகவும் முட்டையாகவும் மாறுகிறது. அவர் சகோதரி வீட்டுக்குப் போய்வருவதும் கூடியிருக்கிறது. யாரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண் ஊருக்குள் போய்வர முடிவது சிறிய காரியமன்று.

ஆனால் சொகுசுப் பேருந்தும் குளிர்சாதனப் பேருந்தும் வந்து போகும்போது அவர் ஏறுவதில்லை. வெள்ளைப் பலகை வரும்வரை நிற்கிறார். கட்டணத்தை விலக்கிய அரசு காத்திருப்பையும் குறைத்திருந்தால் அந்தச் சலுகை முழுமையாயிருக்கும். பேருந்து நீளமாகவோ அழகாகவோ இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் போதும். விடிகாலையிலும் இரவு ஒன்பதுக்கு மேலும்கூட வர வேண்டும். நகரைத் துடைத்துச் சுத்தம் செய்பவர்களின் வேலை நேரம் அலுவலக நேரமன்று.

சென்னைக்கான ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கு 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022இல். நிறுத்தத்தில் நிற்பவர்கள் மட்டுமா காத்திருந்தார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். 2025இல் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரே சீட்டு வாங்கும் வசதி வந்தது. நல்லதே. ஆயினும், சீட்டை இணைப்பதைவிட வண்டிகளின் நேரத்தை இணைப்பதே கடினமான வேலை. அந்த ஆணையத்திடம் எனக்கு ஒரே கோரிக்கை உண்டு: இனி எந்தக் குடும்பத்துக்கேனும் நகர விளிம்பில் வீடு ஒதுக்கும் ஆணை எழுதப்படும்போது, அங்கிருந்து புறப்படும் முதல் பேருந்தின் நேரமும் கடைசிப் பேருந்தின் நேரமும் அதே தாளில் எழுதப்பட்டிருக்கட்டும்.

சென்ற வாரம் எங்கள் வீட்டில் விருந்தினர் வந்திருந்ததால் அந்த அம்மாள் கிளம்ப எட்டு மணியாகிவிட்டது. ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தேன். வாங்கி முடிந்துகொண்டார்; ஆட்டோவில் ஏறவில்லை. நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் என்று பின்னர் கடைக்காரர் சொன்னார்.