தராசுக்கு முத்திரை உண்டு, காற்றுமானிக்கு?

தேயிலை மலைகளில் அளவுகருவியை யாரும் சும்மா நம்புவதில்லை. சாக்கு, ஈரம் என்று கொழுந்தில் கழிக்கப்படும் கிலோவுக்காக நடக்கும் வாக்குவாதம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால், மூடிய அறையில் சேரும் காபனீரொட்சைட்டைக் காட்டும் மலிவுவிலை உணரிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. 2008இல் திருத்தப்பட்ட காற்றுத்தர ஒழுங்குவிதிகள் வெளிக்காற்றின் மாசுகளுக்கானவை. அந்தப் பட்டியலில் இந்த வாயு இல்லை. ஊவா மாகாணப் பாடசாலைகளிலோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களிலோ இக்கருவியைப் பொருத்த நினைப்பவர்கள் வாங்கும் பணத்தோடு அளவுதிருத்தத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்காமலே இருக்கலாம்.

காரணம் மலையின் உயரம். இவ்வகை உணரிகளில் பெரும்பாலானவை செங்கீழ்க் கதிரைச் செலுத்தி, வாயு அதில் எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பார்க்கின்றன. அதாவது கதிரின் பாதையில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி, அதிலிருந்து விகிதத்தைக் கணிக்கின்றன. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், எண்ணிக்கையும் குறையும். ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் அழுத்தம் கடல்மட்டத்தை விடச் சுமார் 8 வீதம் குறைவு. 1,400 மீற்றரைத் தாண்டிய அப்புத்தளையில் 16 வீதமளவில் குறைவு. கடல்மட்டத்துக்கு அமைத்த கருவி, பத்து இலட்சத்துக்கு 1,150 பங்கு உள்ள அப்புத்தளை வகுப்பறையை 970 என்று காட்டும். ஆயிரத்தை எல்லையாகக் கொண்ட ஆசிரியர் ஜன்னலைத் திறக்கமாட்டார்.

கருவி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று கொண்டு, அதைச் சுமார் 400 ஆக்கிவிடுவதே அந்த வசதி. சனி, ஞாயிறு ஆளில்லாமல் கிடக்கும் வகுப்பறைக்கு இது ஓரளவு பொருந்தும். உயரத்தால் வரும் பிழையில் ஒரு பகுதியையும் மறைத்துவிடும். கைக்குழந்தையும் பாட்டியும் எந்நேரமும் இருக்க, குளிருக்குக் கதவடைத்து, விறகடுப்பு எரியும் லயன் அறைக்குப் பொருந்தாது. அங்கே 600க்குக் கீழே இறங்காத காற்றையே கருவி சுத்தமென்று கற்றுக்கொள்ளும்.

அளவுதிருத்தம் செலவு பிடிக்கும், ஆய்வுகூடம் வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. 1958இல் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய சார்லஸ் கீலிங், ஒப்பீட்டு வாயுக்களில் காட்டிய கண்டிப்பு நமக்குத் தேவையில்லை. பிற்பகலில், காற்றோட்டமுள்ள மைதானத்தில், வாகனமும் ஆட்களின் மூச்சும் அண்டாத இடத்தில் அரைமணி நேரம் வைத்து, இன்றைய வெளிக்காற்றின் 420 சொச்சத்துக்குப் பொருத்தினால் பெரும்பகுதி வேலை முடியும். விடியற்காலையில் செய்யக் கூடாது: இரவெல்லாம் செடியும் மண்ணும் விட்ட வாயு பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும்.

தோட்டத்து நுரையீரலைக் கெடுப்பது அடுப்புப் புகை, அதை விட்டு இதை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. புகையின் நுண்துகளையும் காபனோரொட்சைட்டையும் இக்கருவி காட்டாது. புகைபோக்கிக்குப் பதிலாக இதை எவரும் விற்க வரக் கூடாது. காற்று மாறுகிறதா என்பதை மட்டும் இது சொல்லும், அதையும் சரியாகச் சொன்னால்தான் பயன். ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களம் உயரத் திருத்தத்தைக் கொள்வனவு நிபந்தனையாக்க வேண்டும். பதுளையிலேயே உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திடம் ஒப்பீட்டுக் கருவி ஒன்றை ஒப்படைத்து, ஒவ்வொரு உணரியிலும் கடைசியாகத் திருத்திய திகதியை ஒட்டவும் வேண்டும்.