எட்டுக் குழியில் ஒரு வீடு
வீட்டுவசதித் துறை அமைச்சருக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



நான் தஞ்சாவூரில் வீடு கட்டிக் கொடுப்பவன். பெரிய கம்பெனி கிடையாது. ஒரு சமயத்தில் மூன்று வீடு, மிஞ்சினால் நாலு. இரண்டு மேஸ்திரிகள், கம்பி கட்டும் ஆட்கள் ஒரு செட், தவணையில் வாங்கிய கலவை மெஷின் ஒன்று. எங்கள் தொழில்காரர்கள் மனு கொடுத்தால் என்ன கேட்பார்கள் என்று தங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: மணல் விலை, எம்-சாண்ட் தரம், அப்ரூவல் தாமதம். அந்தக் குறைகள் எனக்கும் உண்டு. ஆனால் இந்த மடலில் நான் கேட்பது என் தொழிலுக்கு ஒரு தடை. காவிரிப் படுகையின் பாசன நஞ்சையில் மனைப்பிரிவு போடக் கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள்.

எங்கள் பக்கம் நிலத்தைச் சதுர அடியில் பேசியதில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கிரவுண்டு என்பது சென்னைக்காரர் அளவு. பத்திருபது வருடங்களில் பஸ் ஏறி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. இப்போது பைபாஸ் ஓரம் கலர் கொடி கட்டிக் கூவி விற்பது அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. பழைய கணக்கில் எட்டுக் குழியும் கொஞ்சமும். நாற்று நட இரண்டு பெண்ணாளுக்கு முழுநாள் வேலைகூட இல்லாத இடம்.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியபோது நாங்களும் வெடி வெடித்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்களும் அதற்குள் வந்தன. பின்னால் மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் அதன் பெயரும் சேர்ந்தது. மீத்தேன் எடுப்பதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை விவசாயி நம்மாழ்வார், 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் உயிர்விட்டார். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். அந்தக் கோபத்தின் பலன்தான் இந்தச் சட்டம். குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அதன் இரண்டாம் அட்டவணையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு எடுக்கும் கிணறு கூடாது. மீத்தேன் கூடாது. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலை கூடாது. தோல் பதனிடக் கூடாது. கப்பல் உடைக்கக்கூடக் கூடாது. கும்பகோணத்துக்கு எந்தக் கப்பல் வரப்போகிறது என்று தெரியவில்லை. மனைப்பிரிவு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு ஊரில் எண்ணெய்க் கிணறு என்றால் கருப்புக்கொடி ஏறும். மனைக்கல் நட்டால் டீக்கடையில் விலை விசாரிப்பார்கள். இரண்டுமே வயலை எடுத்துக்கொள்கின்றன. பின்னது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வயலை இரண்டு மூன்று வருடம் தரிசு போடுவார்கள். தண்ணீர் பாயாத கன்னி வாய்க்காலில் நாணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டும். எங்கள் வாய்க்கால்களுக்குப் பெரியதிலிருந்து சிறியதுவரை ஏ, பி, சி, டி என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர். ஏ, பி இரண்டும் தூர்வாரும் பட்டியலில் எப்படியாவது இடம்பிடித்துவிடும், சி, டி இரண்டும் அனாதை. கிராமக் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். பிறகு பாசன வசதி இல்லாத நிலம் என்று விண்ணப்பம் தயாராகும். விண்ணப்பம் பொய்யும் இல்லை. மூன்று வருடமாக அந்த வயலில் தண்ணீர் பாயவில்லை அல்லவா?

அடுத்து கிராவல். ஒரு ஏக்கரை மூன்றடி மேடாக்க 1,300 யூனிட் மண் வேண்டும். மூன்று யூனிட் லாரி என்றால் 430 நடைக்கு மேல். அந்த மண் எந்த மேட்டையோ பள்ளமாக்கிவிட்டு வருகிறது. வந்து கொட்டிய பிறகு, மேல்வயல் தண்ணீருக்கு வடிய வழியில்லை, கீழ்வயலுக்குப் பாய வழியில்லை. டெல்டாவில் எத்தனையோ இடத்தில் பாசனமும் வடிகாலும் ஒரே வாய்க்கால், பல இடங்களில் வாய்க்கால்கூட இல்லை, வயல் விட்டு வயல் பாய்ச்சல்தான். நடுவில் ஒரு வயல் மேடானால் பக்கத்து வயல்கள் அடுத்த வருடமே மனை விலை பேச ஆரம்பித்துவிடும். வேறென்ன செய்யும்?

சில வருடங்களுக்கு முன், அம்மாப்பேட்டைப் பக்கம் அப்படி நிரவிய ஒரு இடத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். மனைக்கு எல்லா அங்கீகாரமும் இருந்தது. ஐப்பசி அடைமழை. மேல்பக்கம் தாளடி நடவு போட்டுப் பத்துநாள் பயிர், தலை தெரியாமல் முழுகிக் கிடந்தது. ராத்திரி யாரோ மனைப்பிரிவின் புது ரோட்டை மண்வெட்டியால் குறுக்கே வெட்டிவிட்டார்கள். காலையில் நான் போனபோது வெட்டியவரே அங்கே உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். சண்டைக்கு வரவில்லை. "இன்ஜினியர் தம்பி, நீங்க வீட்டைக் கட்டலை, தண்ணியக் கட்டிட்டீங்க" என்றார். மனை விற்றவர் போலீசில் எழுதிக் கொடுத்தார். நான் சாட்சி சொல்லப் போகவில்லை. போயிருந்தால் அந்தப் பெரியவர் பக்கம்தான் சொல்லியிருப்பேன். என் தொழில் கெட்டிருக்கும். அந்த வாத்தியார் வீட்டில் இரண்டாம் வருடமே சுவரில் விரிசல் விட்டது. அடியில் இருப்பது களிமண்; கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் கொட்டிய கிராவல் இன்னும் இறுகவில்லை. பைல் இறக்கியிருக்க வேண்டும். செலவு தாங்காது என்று அவரும் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

இதில் ஒரு வேடிக்கை. நம் மாநிலத்தில் 2003 முதல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நானும் ஒவ்வொரு பிளானிலும் குழி வரைந்து கொடுக்கிறேன். வரப்பு கட்டிய ஒரு ஏக்கர் வயல் நாலு அங்குல மழையை அப்படியே பிடித்தால் நாலு லட்சம் லிட்டர். அந்த வயலை மூடிவிட்டு, அதன்மேல் மூன்றுக்கு மூன்று அடியில் ஒரு குழி தோண்டிச் சல்லி போட்டு நிரப்பி, மழைநீர் சேகரித்தாயிற்று என்று கையெழுத்துப் போடுகிறோம்.

சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-ஏ பிரிவு இருக்கிறது. விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும் என்கிறது. அதற்கு 2017-இல் விதிகளும் வந்தன. ஆனால் அது, கேட்கிறவருக்குக் கேட்கிற நிலத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பதில். ஒரு புல எண்ணைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அதற்குக் கீழே நாற்பது வேலி அதே மதகை நம்பியிருப்பது தெரியாது. தப்பித் தவறித் தெரிந்தாலும், அந்த நாற்பது வேலிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நடைமுறை இல்லை.

தெளிவில்லாத சட்டம் எங்களையும் வாழவைக்கவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபர் 20-இல் பதிவுச் சட்டத்தில் அதையே சொல்லும் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். ஆற்றில் தண்ணீரும் இல்லாத வருடம் அது. வயல் வேலையும் இல்லாமல் கட்டட வேலையும் இல்லாமல், என் சித்தாள்கள் அந்தப் பொங்கலைக் கடன் வாங்கித்தான் கழித்தார்கள். அடுத்த மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. பழைய மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் போதும் என்றானது. கெடு முடிவதும் நீள்வதுமாகச் சில வருடம் ஓடியது. சட்டத்தை மதித்துக் காத்திருந்தவன் ஏமாளி, மதிக்காமல் கல் நட்டவன் கெட்டிக்காரன் என்று எங்கள் தொழில் அப்போது கற்றுக்கொண்ட பாடம் இன்னும் மறக்கவில்லை. ஆரம்பத்திலேயே 'இங்கே கூடாது' என்று சொல்லியிருந்தால் யாரும் அங்கே காசைப் போட்டிருக்க மாட்டோம்.

கேரளத்தில் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். எது நெல்வயல் என்று ஊர்வாரியாகப் பதிவேடு. அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் குழு. வயல்காரருக்கு வேறு இடமில்லை என்றால், சொந்தமாகக் குடியிருக்க ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட் வரை அனுமதிக்க வழி. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். பதிவேடு பல ஊர்களில் இழுபறி. 2018 திருத்தம், பதிவேட்டில் ஏறாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்த வழியில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. ஆனாலும் 'வயல்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அங்கே ஓர் இடம் இருக்கிறது. நெற்களஞ்சியம் என்று மேடைக்கு மேடை பேசும் நமக்கு அது இல்லை.

விவசாயி ஏன் விற்கிறார் என்று தாங்கள் கேட்கலாம். என் சொந்த அண்ணனே விற்றார். மூன்று மா. மகள் கல்யாணம், அண்ணிக்கு ஆபரேஷன், மகன் திருப்பூரில். விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் கடனில் பாதியைக்கூட நான் ஏற்கவில்லை. ஆகவே மனையாக விற்பதைத் தடுக்கும் சட்டம், வயலாக வைத்திருப்பவருக்கு வருடா வருடம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கேரளம் 2020-இல் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று தொடங்கியது. எங்கள் ஒரு மாவுக்குக் கணக்குப் போட்டால் அது ஒரு மூட்டை யூரியா விலைதான். நம் அரசு அதைவிட யோசித்துச் செய்யலாம். வயல் மனையாகிக் கைமாறினால் முத்திரைத்தாள் ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டுமாக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அரசுக்கு வருகிறது. வயல் வயலாகவே இருந்தால் கஜானாவுக்கு ஒன்றுமில்லை. இந்த ஒன்பது ரூபாயைப் பற்றி யாரும் சட்டமன்றத்தில் பேசுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அதில் நான் கறாராகவே இருக்கிறேன். வயலைக் காப்பது என்ற பெயரில் வயலில் வேலை செய்கிறவரின் குடிசைக்கு இடைஞ்சல் வரக் கூடாது. கீழவெண்மணியில் 1968-இல் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போன மண் இது. பண்ணையார் இடத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளிக்கு அந்த இடத்தையே சொந்தமாக்கியது 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம். என்னைக் கேட்டால், டெல்டாவில் வீட்டைப் பற்றி இதுவரை வந்த சட்டங்களில் அதுதான் உயர்ந்தது. இன்றைக்கு கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்சம் கொடுக்கிறீர்கள். 360 சதுர அடியில் நானும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், லாபம் பார்க்காமல். பணம் இருக்கிறது, பட்டா இடம் இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் வாய்க்கால் கரையிலேயே இருக்கிறார்கள். ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தை விரிக்க வேண்டுமானால் அவர்களுக்காக விரியுங்கள்.

நத்தம் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் பழைய ஊர்களைப் பாருங்கள். குளத்தை வெட்டினார்கள், வெட்டிய மண்ணால் தெருவை உயர்த்தினார்கள், உயர்ந்த தெருவில் விழுந்த மழை அதே குளத்துக்குப் போனது. மேடும் பள்ளமும் ஒரே ஊருக்குள் கணக்குத் தீர்ந்தன. அந்த மேஸ்திரிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) இல்லை, கண்ணில் நீரோட்டம் இருந்தது.

மாநகராட்சி வளர வேண்டாமா என்றால், வளரட்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேடு. பெரும்பாலும் ஆற்றுப் பாசனம் ஏறாத பூமி. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் அந்தத் திசையில்தான் உட்கார்ந்தது. அங்கே குடிநீரும் பஸ்ஸும் கொடுத்தால் ஜனம் தானாகப் போகும். நானும் என் கலவை மெஷினை இழுத்துக்கொண்டு போவேன். திருவையாறு, பாபநாசம் திசையில் போக வேண்டிய அவசியம் எங்களுக்கும் இல்லை.

கோப்பு எந்தத் துறைக்குப் போகும் என்ற பேச்சு எழும். வேளாண் மண்டலச் சட்டம் வேளாண் துறை, மனைப்பிரிவு தங்கள் துறை, பத்திரம் பதிவுத் துறை, வாய்க்கால் நீர்வளத் துறை. ஆனால் வேளாண் மண்டலச் சட்டம் அமைத்த ஆணையத்துக்கு முதலமைச்சரே தலைவர். அட்டவணையில் ஒரு வரி சேர்க்கவும், ஏ முதல் டி வரை வாய்க்கால் போட்ட புலப்படத்தை ஊர்தோறும் ஒட்டவும் அங்கிருந்தே முயற்சியைத் தொடங்கலாம். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனைக்குச் சுயசான்று முறை கொண்டுவந்து சாதாரண ஜனத்தை அலைச்சலிலிருந்து காப்பாற்றியதும் தங்கள் துறைதான். அந்த வேகத்தில் பாதி போதும்.

ஒருமுறை நேரில் வாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் விழாவுக்கு வேண்டாம். ஐப்பசியில், அடைமழைக்கு மறுநாள், விளம்பரப் பலகை இல்லாமல். அந்த மண்வெட்டிக்காரரை நான் கூட்டி வருகிறேன். ஷூ வேண்டாம், வரப்பு வழுக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
வீடு கட்டும் தொழிலாளி ஒருவன்
தஞ்சாவூர்